பெண்கள் மட்டும் கூடும் கூட்டத்தில் வீட்டுக்காரர்கள் உட்காரலாமா?

தகடூர்க்காரி (பாலக்கோடு):

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் போன வருடத்திலிருந்து புதன்கிழமை சாயங்காலம் பெண்கள் மட்டும் கூடுகிறோம். இது கடன் குழு இல்லை. சேமிப்பு, தவணை, தீர்மான நோட்டு எதுவும் கிடையாது. ஊராட்சிக் கட்டடம் ஒன்று சும்மா பூட்டிக் கிடந்தது. கேட்டு வாங்கி, ஒட்டடை அடித்து, பாய் விரித்தோம். வேலை முடிந்து வருகிறவர்கள் வந்து உட்காருவார்கள். முதலில் தக்காளி விலை, பிள்ளைகள் படிப்பு என்றுதான் பேச்சு போகும். அப்புறம் மெதுவாக மற்றதெல்லாம் வரும். யாருக்கு வெள்ளைப்படுதல் நிற்கவில்லை, யார் வீட்டில் குடித்துவிட்டு அடி, பட்டா யார் பேரில் இருக்கிறது, பத்தாவது முடித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதை எப்படி நிறுத்துவது. படிப்பை விட்ட பெண்ணைத் திரும்பப் பள்ளிக்கூடம் அனுப்பியது இந்தப் பாயில் உட்கார்ந்து எடுத்த முடிவுதான்.

போன மாதம் வார்டு உறுப்பினர் அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், கட்டடம் கிடைக்க அவர்தான் அலைந்தார். "நான் பாட்டுக்கு ஓரமா உக்காந்துக்கறேன், நீங்க பேசுங்க" என்று கதவோரம் நாற்காலி போட்டுக்கொண்டார். காலை நீட்டி உட்கார்ந்திருந்த பாட்டி காலை மடக்கினார். இன்னொருத்தர் முந்தானையை இழுத்துத் தோளை மூடினார். அதுவரை அழுதுகொண்டே பேசிய பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு "அவ்ளோதான்க்கா" என்று நிறுத்திவிட்டாள். மீதி நேரம் ரேஷன் அரிசி பற்றிப் பேசினோம். அவர் கடைசிவரை வாயே திறக்கவில்லை.

அதற்கப்புறம் இளையவர்கள், ஆண்கள் யாரும் உள்ளே வரக் கூடாது என்று விதி வைப்போம் என்கிறார்கள். ஊரில் "குடும்பத்தைப் பிரிக்கிற கூட்டம்" என்று பேச்சு கிளம்பிவிட்டது. எங்களிலேயே சிலருக்கு அந்த விதி பிடிக்கவில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி இதற்கும் மேலே போய், ஆண்களோடு வாழ்வதையே விட்டால்தான் விடிவு என்கிறாள்.

கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை எங்களுக்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதற்காக, எதுவரை என்பதை உங்களோடு பேச நினைக்கிறேன்.

ரயிலடி (மொரப்பூர்):

வணக்கம் சகோதரி. நல்ல காரியம் செய்கிறீர்கள். ஆனால் விதி என்று எழுதி வைப்பது எனக்கு உறுத்துகிறது. நாளைக்கு எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தில் "பெண்களுக்கு அனுமதி இல்லை" என்று பலகை மாட்டினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

இன்னொன்று. குடிப்பது ஆண், அடிப்பது ஆண். திருந்த வேண்டியவன் வெளியே நிற்க, அடிபட்டவர்கள் மட்டும் உள்ளே பேசிக்கொண்டிருந்தால் அவன் காதில் அது எப்போது விழும்? எனக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில் உட்கார்ந்து மரியாதையாகப் பேசுகிற ஊரில் அவர்கள் வளர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அரூர் டீச்சர்:

ரயிலடி சார், அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பலகை மாட்டாமலேயே பெண்களை வெளியே நிறுத்தியிருக்கும் இடங்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். டீக்கடை பெஞ்ச், ஊர்ப் பஞ்சாயத்து உட்காரும் மரத்தடி மேடை, ராத்திரி பஸ் ஸ்டாண்ட். அரூர் கச்சேரிமேட்டில் காலை ஆறு மணிக்கு டீ குடிக்க நிற்கும் கூட்டத்தில் எத்தனை பெண்களைப் பார்த்திருக்கிறீர்கள்? நிலம் விற்பனைக்கு வருவது, காண்டிராக்ட் யாருக்கு, தேர்தலில் யாரை நிறுத்துவது எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. 2016-ல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் ஒதுக்கிச் சட்டம் வந்தது. ஜெயித்து வந்த பிறகும் பல ஊர்களில் தலைவரைப் பார்க்கப் போனால் அவர் வீட்டுக்காரர்தான் பேசுகிறார். நாற்காலி கொடுத்தாயிற்று, அதில் உட்கார்ந்து பேசிப் பழக இடம் கொடுக்கவில்லை.

பெண்கள் தனித்து இயங்குவதைப் பற்றி அமெரிக்காவில் 1970களில் பெரிய விவாதம் நடந்தது. மேரிலின் ஃப்ரை என்ற தத்துவப் பேராசிரியர் அப்போது ஒரு கட்டுரையில் முன்வைத்த வாதம் இன்றைக்கும் என் மனதில் நிற்கிறது. அதிகாரம் உள்ளவனுக்கு மற்றவர்களின் இடம், நேரம், உடம்பு எதுவும் தடையில்லாமல் கிடைக்கும். எஜமான் அடிமையின் குடிசைக்குள் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். அடிமை "வராதே" என்று சொல்ல முடியாது. சொன்ன அந்த நிமிடமே அவள் அடிமை இல்லை என்றாகிவிடுகிறது. அதனால்தான் பெண்கள் ஒரு மணி நேரம் கதவைச் சாத்தினாலும் அது இவ்வளவு கோபத்தைக் கிளப்புகிறது என்கிறார் அவர். வந்து உட்கார்ந்தவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. கேட்காமல் வந்து உட்கார முடிகிறது பாருங்கள், பிரச்சினை அங்கே இருக்கிறது.

அதே கட்டுரையில் இன்னொரு விஷயமும் உண்டு. ஆண்கள் தங்கள் வசதிக்காகப் பெண்களைத் தனியே வைப்பது வேறு. பெண்கள் தாங்களே விரும்பித் தொடங்கி, விரும்பும்வரை வைத்துக்கொள்ளும் தனிமை வேறு. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

மலையோரம் (தேன்கனிக்கோட்டை):

டீச்சர் கடைசியில் சொன்னது எனக்கு நேரில் தெரியும்.

எங்கள் ஊரில் மாதவிலக்கு வந்தால் ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் போய் இருக்க வேண்டும். நான் வயதுக்கு வந்ததிலிருந்து கல்யாணமாகி வேறு ஊர் போகும்வரை இருந்திருக்கிறேன். அங்கே ஆண் வாடையே கிடையாது. மழை பெய்தால் ஒழுகும், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, சாப்பாட்டைத் தூரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். ராத்திரி வெளிக்குப் போக வேண்டுமென்றால் கூட இருப்பவளை எழுப்பிக்கொண்டு போக வேண்டும்.

உண்மையைச் சொன்னால், அந்தக் குடிசையில்தான் பெரியம்மாக்கள் எனக்கு உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். கருத்தடை என்று ஒன்று இருப்பதே அங்கேதான் தெரிந்தது. மாமியார் இல்லை, சமையல் இல்லை என்று வாய்விட்டுச் சிரிப்போம். அதற்காக அது நல்ல இடம் என்று யாராவது கிளம்பினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வர மாட்டேன் என்று சொல்ல முடியாத இடம் அது. அக்கா ஊர்ப் புதன்கிழமைக் கூட்டத்துக்கு வரவில்லை என்றால் யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்கப் போவதில்லை.

நெல்லைப்பெண் (இப்போது பர்கூர்):

எங்கள் பக்கம் ஔவையார் நோன்பு உண்டு. ஆடி, தை, மாசி மாதச் செவ்வாய்க்கிழமை ராத்திரி பெண்கள் மட்டும் கூடி, உப்பில்லாத கொழுக்கட்டை அவித்துக் கும்பிட்டு, விடிவதற்குள் முழுவதையும் சாப்பிட்டு முடித்துவிடுவோம். சின்னப் பையனைக் கூட வீட்டில் விட்டு வைக்க மாட்டார்கள். கொழுக்கட்டையை ஆண் பார்க்கவே கூடாது என்பார்கள். எந்த அப்பாவும் மாமாவும் இதுவரை சண்டைக்கு வந்ததில்லை. சாமி பேரில் கதவைச் சாத்தினால் சரி, பெண்கள் தங்கள் பேரில் சாத்தினால் குடும்பம் பிரிகிறதா?

ரயிலடி (மொரப்பூர்):

டீக்கடை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன் டீச்சர். ஆனால் ஔவையார் பேர் வந்ததால் கேட்கிறேன். இதே தகடூரில், இன்றைய தர்மபுரியில், அதியமான் அவையில் உட்கார்ந்து பேசியவர் சங்க கால ஔவை. தொண்டைமானிடம் தூது போனவர். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அதியமான் அதை எனக்கே கொடுத்துவிடுவான் என்று புறநானூற்றில் பாடியவர். ஆண்கள் நடுவில் போய் நின்றுதானே அந்த மரியாதையைச் சம்பாதித்தார்?

அரூர் டீச்சர்:

ஔவை ஒருவர் சார். அந்த அவையில் அவரோடு இன்னும் நாலு பெண்கள் உட்கார்ந்து பேசியிருந்தால் நான் வேறு மாதிரி யோசிப்பேன். தனி ஒருத்தியாக ஆண்கள் சபையில் நிற்க அசாத்தியத் திறமை வேண்டும். சாதாரணப் பெண் சாதாரணமாகப் பேச எங்கே போவாள்?

களப்பணி (காரிமங்கலம்):

இந்த விவாதத்துக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசுத் திட்டமாக மகளிர் குழுக்கள் முதலில் தொடங்கியது தர்மபுரியில்தான், 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. கிருஷ்ணகிரி அப்போது தர்மபுரியோடு சேர்ந்திருந்தது, 2004-ல்தான் பிரிந்தது. நான் அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய்க் குழு அமைத்தவள்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல், மாட்டுக்குத் தண்ணி காட்டி, சோறாக்கி வைத்துவிட்டு வருவார்கள். கோயில் திண்ணை, தெருவிளக்குக் கம்பத்தடி, எங்கே வெளிச்சமோ அங்கே கூட்டம். வீட்டுக்காரர்கள் சுற்றி நின்று எட்டிப் பார்ப்பார்கள். "உறுப்பினர் தவிர யாரும் உட்காரக் கூடாது" என்பதை நாங்கள் விட்டுக்கொடுக்கவே இல்லை. கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் பழகினார்கள். புருஷன் பேரைச் சொல்லாமல் தன் பேரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளவே சிலருக்கு நாலைந்து கூட்டம் ஆனது. வங்கி மேலாளர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தது அதற்கப்புறம் வந்தது.

ஆனால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

பெண்கள் மட்டும் இருக்கும் இடம் என்றாலே நல்ல இடம் என்று நினைத்துவிடாதீர்கள். தர்மபுரியும் சேலமும் பெண் சிசுக்கொலைக்குப் பேர் போன மாவட்டங்கள். 1992-ல் சேலத்தில் வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் இங்கேயும் வந்தது. அந்தக் கொலைகள் நடந்தது ஆண் நுழையாத பிரசவ அறையில். பாட்டி, மாமியார், மருத்துவச்சி, எல்லாரும் பெண்கள். வரதட்சணை, நிலம், வம்சம் என்று வெளியே ஆண்கள் போட்ட கணக்கை உள்ளே பெண்கள் கையால் தீர்த்தார்கள். கதவு சாத்தியிருந்தால் போதாது. உள்ளே என்ன பேசுகிறோம், யாருக்காகப் பேசுகிறோம் என்பது முக்கியம்.

இரண்டாவது, பணம். குழு பெண்களுடையது, கடன் பெண் பேரில், பணம் போனது வீட்டுக்காரர் கைக்கு. பின்னால் தனியார் நுண்கடன் நிறுவனங்கள் வந்து இதே குழுவை வசூல் கருவியாக்கின. ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் உட்கார வேண்டும். கூட வேலை செய்தவள், கூட அழுதவள், கடன்காரியாகிப் போனாள். கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு அரசு சட்டம் போட வேண்டிய நிலை வந்தது. தகடூர்க்காரி கூட்டத்தில் தவணை இல்லை என்று படித்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. தயவுசெய்து கடனை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

சித்தேரி அடிவாரம்:

நான் சொல்வது சிலருக்குக் கசக்கும், ஆனாலும் சொல்கிறேன்.

வாச்சாத்தி எங்களுக்குப் பக்கம். 1992 ஜூன் 20-ம் தேதி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை உடைத்தார்கள், கிணற்றை நாசம் செய்தார்கள், ஆண்களையும் விட்டுவைக்கவில்லை. 2011 செப்டம்பரில் தர்மபுரி நீதிமன்றம் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்தே போயிருந்தார்கள். 2023 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. இந்த 31 வருடமும் அந்தப் பெண்கள் தங்கள் ஆண்களோடும், மலைவாழ் மக்கள் சங்கத்தோடும், மாதர் சங்கத்தோடும் சேர்ந்துதான் கோர்ட் படி ஏறினார்கள்.

ஆண்களை விட்டு விலகி வாழ்வதுதான் விடுதலை என்று அந்த ஊரில் போய்ச் சொல்ல முடியுமா? அடித்தவன் ஆண் என்பதற்காக மட்டும் அடிக்கவில்லை, இவர்கள் மலையாளி என்ற மலைவாழ் பழங்குடிகள், கேட்க நாதியில்லை என்று அடித்தான். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களும் இதைத்தான் சொன்னார்கள். பாஸ்டனில் இருந்த கோம்பாஹி ரிவர் கலெக்டிவ் என்ற அவர்களின் குழு 1977-ல் வெளியிட்ட அறிக்கையில், பெண்கள் முழுக்கப் பிரிந்து வாழும் பாதை எங்களுக்கு ஒத்துவராது என்று எழுதினார்கள். நிறவெறியை எதிர்த்துக் கறுப்பின ஆண்களோடு சேர்ந்து நிற்போம், ஆணாதிக்கத்துக்காக அதே ஆண்களோடு சண்டையும் போடுவோம் என்றார்கள்.

தகடூர்க்காரி அக்கா, ஒரு கேள்வி. உங்கள் கட்டடம் ஊர்ப் பக்கம் இருக்கிறதா, காலனிப் பக்கமா? பாயில் யார் யார் உட்காருகிறார்கள்? 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி பக்கம் தலித் மக்களின் நத்தம் காலனி சாதி வெறியில் எரிக்கப்பட்டபோது எல்லா ஊரிலும் மகளிர் குழுக்கள் இருந்தன. ஊர்க் குழு தனி, காலனிக் குழு தனி. எரிந்த வீட்டுப் பெண்களும் பெண்கள்தானே.

தகடூர்க்காரி (பாலக்கோடு):

கேட்க வேண்டிய கேள்வி. கட்டடம் ஊர்ப் பக்கம். காலனியிலிருந்து வருகிறார்கள், ஆனால் குறைவு. பாய் ஒன்றுதான், டம்ளரும் ஒன்றுதான், அதில் ஆரம்பத்திலிருந்தே உறுதியாக இருக்கிறோம். அதற்காகவே வராமல் நின்றவர்களும் இருக்கிறார்கள், வாருங்கள் என்று நாங்கள் கெஞ்சவில்லை. இருட்டிய பிறகு ஊர்த் தெரு வழியாகத் திரும்பிப் போவதுதான் காலனிப் பெண்களுக்குச் சங்கடம். காலனிப் பள்ளிக்கூடத்தில் வைத்தால் நிறையப் பேர் வருவோம் என்று அவர்களே கேட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே என்று வைக்கப் போகிறோம். ஊர்ப் பெண்கள் அங்கே வருவார்களா என்பது அப்போது தெரியும். காலனிப் பெண்கள் தங்களுக்குள் மட்டும் பேச ஒரு நாள் வேண்டும் என்றால் அதற்கும் கட்டடத்தைத் திறந்து கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்களுக்கு நாங்கள் கேட்பதை அவர்களுக்கு எப்படி மறுப்பது?

பழையபேட்டை (கிருஷ்ணகிரி):

எங்கள் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலாக், ஜீவனாம்சம், வரதட்சணை எல்லாம் ஜமாத்தில் முடிவாகும். அந்த அறைக்குள் பெண் போக முடியாது. அவள் வழக்கை அவள் அண்ணனோ அப்பாவோ சொல்வார். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாத் தொடங்கியபோது இதைத்தான் கேட்டார்: எங்களைப் பற்றிப் பேசும் இடத்தில் நாங்கள் ஏன் இல்லை? பெண்களே உட்கார்ந்து வழக்கைக் கேட்டு, ஆண்கள் ஜமாத்துக்கு எழுதினார்கள், காவல் நிலையத்துக்குப் போனார்கள். பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு இடமும் தேவைப்பட்டது. தனியாகக் கூடியதால்தான் பொது இடத்தில் அவர்கள் குரல் ஏறியது.

இந்தக் கனவு பழசுதான். வங்காளத்தின் பேகம் ரொக்கையா, ஆண்கள் எல்லாம் வீட்டுக்குள் இருக்க, பெண்கள் நாட்டை நடத்தும் கதை ஒன்று எழுதினார். அது முதலில் அச்சானது 1905-ல், நம் மெட்ராஸிலிருந்து வந்த பெண்கள் பத்திரிகையில்.

அணைக்கரை (கிருஷ்ணகிரி):

திருநங்கை நான். எல்லாவற்றையும் படித்தேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வந்தால் அந்தப் பாயில் இடம் உண்டா?

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021 மே மாதம் அறிவித்தார்கள். ஜூன் மாதம் எங்களையும் சேர்த்தார்கள். டிக்கெட் வாங்கும்போது நான் பெண்கள் கணக்கு. உட்காரும்போது பக்கத்து ஸீட் காலியாகவே வரும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1976-லிருந்து பெண்கள் மட்டும் நடத்திய பெரிய இசை விழாவில், 1991-ல் ஒரு திருநங்கையை வெளியேற்றினார்கள். அந்தச் சண்டை கடைசிவரை ஓயவில்லை, 2015-ல் விழாவே நின்றுபோனது. கேட்காமல் உள்ளே வருகிறவர்களைப் பற்றி டீச்சர் எழுதினார். நான் கேட்டுத்தான் வருகிறேன்.

நெல்லைப்பெண் (இப்போது பர்கூர்):

தங்கச்சி, நீ மனசு கஷ்டப்படக் கூடாது. எங்கள் குழுவில் வயதானவர்கள் உண்டு, அவர்கள் முதலில் கூச்சப்படுவார்கள். பிரசவம், மாதவிலக்கு பற்றிப் பேச வாய் வராது. அவர்களைக் கேட்காமல் வா என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

களப்பணி (காரிமங்கலம்):

கூச்சத்தை அளவுகோலாக வைத்தால் அன்றைக்கு ஒரு குழு கூட அமைத்திருக்க முடியாது. காலனிப் பெண் பக்கத்தில் உட்காரவும் இதே கூச்சம் என்றுதான் சொன்னார்கள். அந்தக் கதவை நாம் எதற்காகச் சாத்துகிறோம்? அடிக்கு, கேலிக்கு, எந்நேரமும் கண்காணிப்புக்குப் பயந்துதானே? அணைக்கரை அதே பயத்தோடுதான் ரோட்டில் நடக்கிறாள்.

தகடூர்க்காரி (பாலக்கோடு):

என்னைப் பொறுத்தவரை இடம் உண்டு. ஆனால் பாய் என்னுடையது மட்டும் இல்லை. கூட்டத்தில் வைத்துப் பேசிவிட்டு உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். நீங்கள் வரும் நாளில் நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்பேன்.

ஓசூர் பி ஷிப்ட்:

அக்கா சொன்ன அந்த ஓசூர் தங்கச்சி நான்தான். என்னைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் தொழிற்சாலைகள் பெண்களைத்தான் தேடித் தேடி எடுக்கின்றன. 2021-ல் போச்சம்பள்ளி பக்கம் ஓலா நிறுவனம் ஸ்கூட்டர் தொழிற்சாலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பேருக்கு வேலை என்று அறிவித்தது. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளிலும் லைன் முழுக்கப் பெண்கள். நல்லதுதான், எங்கள் ஊரில் பெண்ணுக்கு மாதச் சம்பளம் என்பதே புதுசு. ஆனால் ஆயிரக்கணக்கான பெண்கள் மட்டும் இருக்கும் இடத்தில் நான் இருந்திருக்கிறேன், அது எங்கள் இடமாக இருக்கவில்லை. விடுதியில் எத்தனை மணிக்கு வெளியே போகலாம், யார் பார்க்க வரலாம், எந்த ரூமில் யாரோடு தங்க வேண்டும், ஒன்றும் எங்கள் கையில் இல்லை. 2025 நவம்பரில் நம் மாவட்டத்தில் ஒரு பெண்கள் விடுதிக் குளியலறையில் ரகசியக் கேமரா கண்டுபிடித்தார்கள். வைத்ததாகக் கைதானது அங்கேயே தங்கியிருந்த பெண். வைக்கச் சொன்னதாகக் கைதானது அவளுடைய ஆண் நண்பன். விஷயம் தெரிந்ததும் ஆயிரக்கணக்கான பெண்கள் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் விடுதி என்று பேர் எழுதிச் சுவர் கட்டிவிட்டால் மட்டும் எதுவும் ஆகாது என்று அன்றைக்குத் தெரிந்தது.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கிறோம். பார்த்த வீட்டிலெல்லாம் "ஃபேமிலிக்குத்தான்" என்றார்கள். கடைசியில் ஒரு பாட்டி கொடுத்தார். சமையல் முறை வைத்திருக்கிறோம், நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவளுக்கு மத்தவள் கதவு திறப்பாள். நாலு பேருக்கும் கல்யாணம் வேண்டாம். கொரியாவில் பெண்கள் கல்யாணம், பிள்ளை, காதல், உடலுறவு எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லும் 4பி இயக்கத்தைப் பற்றிப் பின்னால்தான் படித்தோம். அதைப் பார்த்து எடுத்த முடிவு இல்லை. என் அக்கா வீட்டில் நடந்ததைப் பார்த்து எடுத்த முடிவு.

சித்தேரி அடிவாரம் அக்கா, நீங்கள் சொன்னதை யோசித்தேன். எல்லாரும் இப்படி வாழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சம்பளம் வருவதால் எங்களால் முடிகிறது. ஆனால் இப்படியும் வாழலாம் என்று ஊரில் ஒரு பெண் கண்ணால் பார்த்தால் போதும், கட்டிக்கொடுக்கும்போது அவள் இரண்டு நிபந்தனை சேர்த்துப் போடுவாள். என் தங்கச்சி போட்டாள், படிப்பை முடித்த பிறகுதான் என்று.

சித்தேரி அடிவாரம்:

கண்ணு, உன் வீட்டுக்கு நான் எதிரி இல்லை. உன்னால் முடிந்ததை மற்றவளின் கடமையாக்கிவிடக் கூடாது என்றுதான் சொன்னேன். நீயே அதைச் சொல்லிவிட்டாய். ஐஸ்லாந்தில் 1975 அக்டோபர் 24 அன்று பத்தில் ஒன்பது பெண்கள் ஒரே ஒரு நாள் வேலை, சமையல், பிள்ளை எல்லாவற்றையும் விட்டு வெளியே வந்தார்கள். நாடே நின்றது. அடுத்த வருடம் சமத்துவச் சட்டம் வந்தது, 1980-ல் பெண் ஜனாதிபதி வந்தார். ஒரு நாள் விலகுவதும் விலகல்தான், ஆயுசுக்கும் விலகுவதும் விலகல்தான். கூலிக்குப் போகும் எங்கள் பெண்களுக்குப் புதன்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரமே பெரிசு.

ரயிலடி (மொரப்பூர்):

எல்லாவற்றையும் படித்தேன். விதி வேண்டாம் என்று முதலில் எழுதினேன். கேமரா செய்தியையும் அந்தப் பாட்டி காலை மடக்கியதையும் சேர்த்து யோசித்தால், கேட்டுவிட்டு வருவது என்ற ஒன்றையாவது ஆண்கள் பழக வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் ஆண்கள் திருந்த எங்கே பேசுவது என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

அரூர் டீச்சர்:

அந்தக் கூட்டத்தை நீங்கள் கூட்டுங்கள் சார். மொரப்பூரில், உங்கள் மன்றத்தில், குடியைப் பற்றியும் அடியைப் பற்றியும் ஆண்களே ஆண்களிடம் பேசுங்கள். அதையும் பெண்கள் தலையில் வைக்காதீர்கள்.

வேப்பனப்பள்ளி வக்கீல்:

ஓசூர் தங்கச்சிக்கு ஒரு நடைமுறை விஷயம். கல்யாணம் வேண்டாம் என்றால் சொத்து விஷயத்தை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். 1989-ல் தமிழ்நாட்டிலும் 2005-ல் நாடு முழுக்கவும் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு உண்டு. அண்ணன் கேட்கிறான் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கல்யாணம் ஆகவில்லை என்றாலும் பங்கு பங்குதான்.

அதே சட்டப்படி, கல்யாணமாகாத பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவள் சம்பாதித்தது அப்பா அம்மாவுக்கும், அவர்கள் இல்லை என்றால் அப்பாவின் வாரிசுகளுக்கும் போகும். கூடவே இருபது வருடம் வாழ்ந்த தோழிக்கு ஒரு ரூபாய் கிடைக்காது.

ஓசூர் பி ஷிப்ட்:

ரொம்ப நன்றி அக்கா. வயதானால் உங்களை யார் பார்ப்பார்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். உயில் எழுத எவ்வளவு செலவாகும்? பத்திரம் வாங்க வேண்டுமா?

வேப்பனப்பள்ளி வக்கீல்:

வெள்ளைத் தாளில் எழுதலாம், முத்திரைத்தாள் தேவையில்லை. நீங்கள் இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களும் உங்கள் முன்னால் போட வேண்டும். யாருக்கு எழுதுகிறீர்களோ அவர் சாட்சியாக இருக்க வேண்டாம். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் தகராறு குறையும். எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். வங்கிக் கணக்கில் நாமினியாகத் தோழி பேரைப் போடலாம். பி.எஃப்.-ல் அப்படி முடியாமல் போகலாம், அப்பா அம்மா உங்களை நம்பி இருந்தால் அங்கே அவர்கள் பேர்தான் செல்லும்.

வயதான காலத்துக்கு: 50 வயதுக்கு மேல் கல்யாணமாகாத ஏழைப் பெண்களுக்கு அரசு ஓய்வூதியம் இருக்கிறது, தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். தொகை சின்னதுதான். அதை மட்டும் நம்பாமல் நாலு பேரும் சேர்ந்து மாதம் கொஞ்சம் போட்டு, ஒரு சென்ட் இரண்டு சென்ட் என்றாலும் உங்கள் பேரில் இடம் வாங்கப் பாருங்கள். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. பத்திரத்தில் நாலு பேர் பேரும், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதும் தெளிவாக இருக்கட்டும். வாங்கும் முன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.